சங்கத்தின் பழைய ஏடுகளைப் பொதுவில் வையுங்கள்: இராமநாதபுரம் கடற்கரைத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

இராமேசுவரம் தீவிலும், மண்டபம் முதல் கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையிலும் செயல்பட்டுவரும் மீன்பிடித் தொழிலாளர், கடற்பாசித் தொழிலாளர், உப்பளத் தொழிலாளர், சுமைப்பணித் தொழிலாளர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைப்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் அலுவலக அலமாரிகளிலும் முன்னாள் நிர்வாகிகளின் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் தீர்மானப் புத்தகங்கள், சந்தா ரசீதின் அடிக்கட்டைகள், கோரிக்கை மனுக்களின் படிகள், துண்டறிக்கைகள், முத்தரப்புப் பேச்சுவார்த்தை ஒப்பந்தங்கள், ஊர்வலப் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொடி வேறுபாடு பாராமல் ஓரிடத்தில் திரட்டி, படியெடுத்து, இம்மாவட்டத்து மக்கள் எவரும் வந்து படிக்கும்படி வைக்க நீங்கள் முன்வர வேண்டும். அந்த ஏடுகளில் பெயர் ஏறாமற்போன முதியவர்களின் நினைவுகளை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே ஒலிப்பதிவு செய்யவும் வேண்டும்.

நான் இம்மாவட்டத்தின் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் பெற்றோர் இருவரும் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். எங்கள் ஊர்த் தொழிலாளர்களைப் பற்றிய நூல் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டு வந்த மாணவர்களுக்குச் சேதுபதி மன்னர்களின் வரலாற்றையும் இராமேசுவரக் கோயிலின் தலபுராணத்தையும் எடுத்துக் கொடுக்கும் நிலையில்தான் பணிக்காலம் முழுவதும் இருந்தேன். அவையும் வேண்டிய நூல்களே. ஆயினும் அந்தப் பிள்ளைகள் கேட்டது அவற்றையல்ல.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுத்தே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டு, 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாற்றப்படும் வரை பெரும்பாலும் மண்டபம் முகாமிலிருந்தே இயங்கியது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. முத்துச்சிப்பி, சங்கு, கடற்பாசி, சூடை மீன் என்று மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் உயிர்களைப் பற்றி அந்நிறுவனத்தார் எழுதிய கட்டுரைகளை இன்று எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்கும் முன்னரே, சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சங்குகுளித் தொழிலை ஊர் ஊராகச் சென்று பார்த்து விரிவாக எழுதி வைத்தார். கீழக்கரைப் பக்கத்துக் கடலில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் கைவளையானது வரை அந்த எழுத்துகளில் காணலாம். சங்கின் அளவும் விலையும் கணக்காகப் பதிவாகியிருக்கின்றன. மூழ்கியவர் தமக்குள் பேசிக்கொண்டதும், கூலி போதாதென்று அவர்கள் ஒன்றுகூடி நின்றதும், காது கிழிந்தும் நெஞ்சு அடைத்தும் தொழிலை விட்டவர்கள் பின்பு எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் அந்த ஏடுகளைக் கொண்டு எழுதக்கூடியவை அல்ல. அவற்றை எழுதுவதற்கு வேண்டிய சான்று உங்களிடமும், உங்கள் உறுப்பினர்களின் குடும்பங்களிடமும்தான் இருக்கிறது.

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்குப் பகுதிக்கு அவ்வகைத் தூக்குப் பாலத்தை வடிவமைத்த ஷெர்சரின் பெயர் நிலைத்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தபின் 46 நாட்களில் அதைச் சீராக்கிய பணிக்குப் பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனை நாடே அறியும். அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் கப்பல் வரும்போதெல்லாம் அந்தத் தூக்குப் பகுதியை உயர்த்தியது மனிதக் கை. நூறாண்டுக்கும் மேலாகத் தொழிலாளர்கள் இருபுறமும் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் பாலம் திறந்தது. 2022 டிசம்பரில் அதில் இரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று மின்விசையால் செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. கையால் பாலம் திறந்த வேலை அத்தோடு முடிந்துபோயிற்று. அந்த வேலையைச் செய்தவர்களிலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்களிலும் பலர் இன்னும் பாம்பனிலும் மண்டபத்திலும் வாழ்கிறார்கள். சுழற்றுவதற்கு எத்தனை பேர் நின்றார்கள், காற்று மிகுந்த நாளில் என்ன செய்தார்கள், இரவுப் பணிக்கு எப்படி ஆள் முறை வைத்தார்கள், உப்புக்காற்றில் இரும்பு துருவைச் சுரண்டி வண்ணம் பூசியவர்களுக்கு என்ன கூலி என்பவற்றை அவர்களிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்யலாம். புயலுக்கு முன் தனுஷ்கோடித் துறையில் சுமை தூக்கியவர்களின் பிள்ளைகளிடமும் அப்படியே கேட்கலாம்.

அந்தப் பாதையில் இரயில்களை இயக்கியது தென்னிந்திய இரயில்வே நிறுவனம். 1928 ஜூலையில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்கள், பணிமனை ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலை ஆகிய ஊர்களை வைத்தே அந்தப் போராட்டம் பேசப்படுகிறது. மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தண்டவாளம் பார்த்த கடைநிலைத் தொழிலாளர் குடும்பங்களின் வழிச் செய்திகளையும் அதனோடு சேர்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. பொன்மலைக்காரர்கள் வந்து நமக்காக இதைச் செய்யமாட்டார்கள்.

மண்டபம் முகாமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த இடம் இரு நாடுகளின் தொழிலாளர் வரலாற்றுக்கும் வாசலாக இருந்தும், அந்த வரலாற்றை நாம் நம்முடையது என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிகள் அழைத்துச்சென்ற தொழிலாளர்கள் பெரும்பாலும் இவ்வழியே கடந்தார்கள். இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களைத் தங்கவைத்து, தொற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டுக்குப் பின், அங்கே தலைமுறைகளாக உழைத்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கி, அதே மண்டபத்தில் பதிவு செய்யப்பட்டு, நீலகிரி முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1983க்குப் பின் அந்த முகாம் ஈழத்து ஏதிலியரின் இருப்பிடமாயிற்று.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நடேச ஐயர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டதும் இலங்கைத் தமிழரால் எழுதப்பட்டிருக்கின்றன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற அவர்களுடைய இணையத் திரட்டில் தோட்டத் தொழிலாளர் பற்றிய நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கலாம். போர் நடந்த ஆண்டுகளிலும் தன்னார்வலர்கள் படியெடுத்து வளர்த்த திரட்டு அது. நம்மிடம் போர் இல்லை, இடப்பெயர்ச்சி இல்லை. மண்டபத்தில் தங்கிப் போனவர்களுக்குச் சோறு ஆக்கியவர், துப்புரவு செய்தவர், மூட்டை சுமந்தவர் எல்லாம் நம் ஊர்க்காரர்கள். இவ்வளவு வசதி இருந்தும் நம் பக்கத்துக் கதையை எழுதாமலிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது பாசி எடுக்கும் பெண்களின் வரலாறு நம் கண் முன்னாலேயே நழுவிப் போவதுதான். சின்னப்பாலம், பாம்பன், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து, கண்ணாடி மாட்டி, பாறையில் விரல் கிழியாதிருக்கத் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை அணிந்து, இடுப்பில் வலைப்பையோடு இறங்கி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசி வகைகளை எடுத்து வருகிறார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் உணவு முதலியவற்றைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர்அகரும் ஆல்ஜினேட்டும் ஆலைகளில் தயாராகின்றன. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின், தாயும் பாட்டியும் போன தீவுக்குப் போவதே குற்றமாயிற்று. அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுக்காமலிருப்பது, பாறையைச் சுரண்டும் கருவியைத் தவிர்ப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தபோது செய்தித்தாள்கள் எழுதின.

பரிசு பெற்ற ஆண்டை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கட்டுப்பாட்டை எந்த ஊரில், யார் முதலில் சொன்னார், எவர் மறுத்தார், வருமானம் குறையுமே என்ற அச்சத்தை எப்படிப் பேசித் தீர்த்தார்கள், வனத்துறைப் படகில் பிடிபட்டவரை மீட்க எவ்வளவு பணம் திரட்டினார்கள் என்பவையே வரலாறு. கடலோரத்து உழைப்பாளிப் பெண்கள் அரசாணைக்குக் காத்திராமல் கடலைக் காக்க ஒரு விதிமுறை வகுத்தார்கள் என்பது இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் பெருமையோடு எழுதப்பட வேண்டிய செய்தி. அவர்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்க வாய்ப்பில்லாதவர்கள். ஆகவே தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டுகளின் வரிசைதான் இருக்கும். அந்தக் கைநாட்டுகளுக்கு உரியவர்களை உட்காரவைத்துப் பேசச் செய்வது உங்கள் கடமை என்று உறுதியாகச் சொல்வேன்.

உப்பளத்தைப் பற்றி நான் அதிகம் எழுதினால் சொந்தக் கதையாகிவிடும். மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் நடத்திவரும் உப்பளம் அரசு நிறுவனம் என்பதால் அதன் கணக்குகள் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்க முன்வந்ததும் அரசாணையில் இருக்கும். அந்த நிவாரணம் கேட்டு எழுதிய மனுக்களும், கண்ணாடியும் காலணியும் குடிநீரும் கேட்டு நின்ற நாட்களும் சங்கத்தின் கோப்புகளிலன்றி வேறெங்கே இருக்கும்?

இங்கே ஒரு சங்கடமான செய்தியையும் பேச வேண்டும். நம் கடற்கரையில் மீனவர் சங்கம் என்ற பெயரில் இயங்குபவற்றுள் பல படகு உரிமையாளர்களின் சங்கங்கள். இலங்கைக் கடற்படையின் கைது, படகுப் பறிமுதல், டீசல் மானியம் பற்றிய அவர்களின் கோரிக்கைகள் செய்தியாகின்றன, அவை நியாயமானவையும்கூட. பங்குக்கும் கூலிக்கும் அந்தப் படகில் ஏறியவர், கரையில் இறால் தரம்பிரிக்கும் பெண், கூடை சுமப்பவர், ஐஸ் உடைப்பவர் ஆகியோரின் சொல் தனியே பதிவாக வேண்டும். 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நாட்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டதன் பின்னணியில் கசப்பான மோதல்கள் உண்டு. இரு தரப்பு ஏடுகளும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிற்காலத்தவர் நடந்ததை முழுமையாக அறிவார்கள். தம் தரப்பை மட்டும் வைத்து, மற்றதை ஒளிக்கும் எண்ணத்தோடு எவரும் இந்தப் பணியில் சேர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உட்கட்சிப் பிளவுகளையும், தோற்றுப்போன வேலைநிறுத்தங்களையும் குறித்த பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தரும் புத்தகம் பயன்படாது.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரையில் ஒரு சங்கம் வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தபோது, இரண்டு தலைமுறைத் தீர்மானப் புத்தகங்கள் பழைய காகிதக் கடைக்கு எடை போட்டு விற்கப்பட்டன. செய்தி அறிந்து நான் கடைக்குச் சென்றபோது மூட்டைகள் லாரியில் ஏறிப் போயிருந்தன. விற்றவர்களிடம் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. புதிய அறை சிறியது, புத்தகங்கள் செல்லரித்திருந்தன, எவரும் கேட்டதில்லை. இம்மடலைப் படிக்கும் உங்களிடம் ஒருவர் கேட்டுவிட்டார் என்று கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். நொய்டாவில் வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998 முதல் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. இவற்றுக்குப் படிகள் போகட்டும். ஆனால் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கி, 1985இல் மூன்றாகப் பிரித்த மாவட்டம் இது. அரசின் ஏடுகளே பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. பாசி எடுக்கும் பெண் தன் சங்கத்தின் புகைப்படத்தைப் பார்க்க எழும்பூருக்குப் போக வேண்டும் என்றால் அது அவளுக்குத் திறந்திருப்பதாகப் பொருளில்லை. மூல ஏடுகள் சங்கத்திடமே இருக்கட்டும். அவற்றின் படிகளுக்கு இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு தனிப் பகுதி கேட்போம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சங்கக் கட்டடங்களும் அதைச் செலுத்துகின்றன. ஆகவே மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஓர் அலமாரியும் ஒரு கணினியும் கேட்பது நம் உரிமைக்கு உட்பட்டது. நீங்கள் கையொப்பமிட்டுக் கேட்டால் அந்த விண்ணப்பத்துக்கு உள்ள வலிமை என் போன்ற தனிமனிதரின் விண்ணப்பத்துக்கு இராது.

செலவும் நுட்பமும் உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊர்களில் காகிதத்துக்கு முதல் எதிரி துருப்பிடிக்கும் குண்டூசியும் கட்டுக்கம்பியும். அவற்றை நீக்கி, பருத்தி நாடாவால் கட்டி, தரையிலிருந்து உயரத்தில், சுவரைத் தொடாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நெகிழி உறையிட்டு ஒட்டிவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதன்பின் அந்தக் காகிதத்தை மீட்பது மிகக் கடினம். புகைப்படத்தின் பின்புறம் மைப்பேனா கூடாது, மென்மையான பென்சிலால் ஆண்டு, இடம், நிற்பவர்களின் பெயர்களை வலப்புறமிருந்தோ இடப்புறமிருந்தோ வரிசையாக எழுதுங்கள். பெயரறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால் இதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியால் நேராக எடுத்த படமும் இல்லாததைவிட மேல். வருடி (ஸ்கேனர்) கிடைக்கும்போது திரும்பச் செய்யலாம். ஒரே படியை ஒரே கணினியில் வைத்துவிட்டுப் பணி முடிந்ததென்று எண்ணாமல், வெவ்வேறு ஊர்களில் மூன்று இடங்களில் வையுங்கள்.

ஒலிப்பதிவில் பேசுபவரின் ஒப்புதலே முதன்மையானது. என்ன நோக்கத்துக்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி, வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கியோ, அவர் குறிப்பிடும் காலம் வரை மூடியோ வைக்க வேண்டும். கடன் கணக்கு, வழக்கு, இலங்கைச் சிறையில் இருந்த நாட்கள், வேலைநிறுத்தத்தின்போது எதிரணியில் வேலைக்குப் போனவர்களின் பெயர் ஆகியவை இன்றும் ஊருக்குள் புண்ணை ஏற்படுத்தக்கூடியவை. இவற்றை அழிக்கவும் கூடாது, அவசரப்பட்டு வெளியிடவும் கூடாது. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைச் சொல்லும் அவர்களின் சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுத்தில் பெயர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பதிவின் ஒரு படி, பேசியவரின் வீட்டுக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். ஆய்வாளர்கள் வந்து கேட்டுச் சென்றபின் ஒரு தாளும் திரும்பி வராத ஊர்கள் இங்கே பல. நம் திரட்டும் அப்படி ஆகிவிடக் கூடாது.

சங்கத்தின் ஏடுகளை வெளியாருக்குக் காட்டலாமா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் உறுப்பினர்கள் பார்வையிட உரிமை அளித்தது. உறுப்பினரின் பணத்தில் எழுதப்பட்டது உறுப்பினருக்குச் சொந்தம் என்பதே அதன் உட்பொருள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஏடுகளை முதலில் தாருங்கள். அதற்குப் பிந்தியவற்றை உங்கள் செயற்குழு கூடி முடிவு செய்யட்டும்.

காலத்தையும் குறிப்பிட்டுவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாசி எடுக்கும் பெண்களும் அக்காலத்தில் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடிச் சங்கங்களின் பதிவுகளை அந்தத் தடைக்காலத்தில் தொடங்கலாம். உப்பளத் தொழிலாளர்களுக்கு அது உச்ச வேலைக்காலமாதலால் அவர்களை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் சந்திப்போம். அதற்கு முன்பாக, ஒவ்வொரு சங்கமும் செயற்குழுவைக் கூட்டி, தம்மிடம் உள்ள ஏடுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளராக ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் நியமிக்க வேண்டுகிறேன். பட்டியலிடுவதற்கும், நூலக முறைப்படி எண்ணிட்டு அடுக்குவதற்கும், நூலக ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கும் என் உழைப்பை ஊதியமின்றித் தருகிறேன். தடைக்காலம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கொடியும் ஏற்றாத ஒரு பொது இடத்தில் நாம் அனைவரும் கூடலாம். வரும்போது உங்கள் சங்கத்தின் மிகப் பழைய தீர்மானப் புத்தகத்தையும், அதில் கையொப்பமிட்டவர்களில் உயிரோடிருப்பவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்